கண்ணாடிச் சீட்டில் மூன்றாவது இலக்கம்

கரும்பலகையில் 8ஐ 3 என்று வாசித்து ஏச்சு வாங்கியவர்கள் நம்மில் உண்டு. இன்று அவர்களே கடையில் ஆயத்தமாய் விற்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் போட்டுவிட்டு, “இன்னும் மங்கலாய்த்தான் கிடக்கு” என்கிறார்கள்.

பலருக்குக் காரணம் அஸ்ரிக்மற்றிசம். கண்ணின் முன்வளைவு பந்துபோலன்றி ஒரு பக்கம் கூட வளைந்திருந்தால் ஒளி ஒரு புள்ளியில் குவியாது. தூரத்திலும் கிட்டத்திலும் எழுத்து நிழல் தட்டும். இதற்கு உருளை வில்லை வேண்டும். 1825இல் தன் கண்ணுக்காகவே அதை வடிவமைத்தார் ஜோர்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர். ஆயத்தக் கண்ணாடியில் அது இல்லை.

சீட்டின் மூன்றாவது இலக்கம், அந்த வில்லை எந்தச் சாய்வில் நிற்கவேண்டும் என்பது. பிறேம் கோணினால் அதுவும் பிசகும். தங்கச்சியின் கண்ணாடி உங்களுக்குச் சரிவராது!

கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்கள், இதையும் திருத்தும் வில்லை வைக்கலாமா என்று முதலே வைத்தியரிடம் கேளுங்கள். வைத்தபின் மாற்றுவது இலகுவல்ல.