நீதிமன்ற வாயிலில் பிறந்த ஊரைக் கேட்பதா?

(பொதுக்கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



பிறநாட்டிலிருந்து அண்மையில் வந்து குடியேறிய ஒருவர், வந்த நாட்டில் சட்டத்தொழில் புரிய அனுமதிக்கப்படலாமா என்பதே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது அப்புக்காத்துமாரின் வயிற்றுப்பாட்டுச் சங்கதி, நமக்கு இதில் என்ன என்று கமக்காரர் எவரும் எண்ணவேண்டாம். வரம்பு வழக்கிலிருந்து வாக்குரிமை வழக்கு வரை, உங்களுக்காக எழுந்துநின்று பேசத்தக்கவர் யார் என்பதை ஓர் அரசு பிறப்பையும் இனத்தையும் பார்த்துத் தீர்மானிக்கத் தொடங்கினால், அந்த நட்டம் சட்டத்தரணியோடு நின்றுவிடாது. வழக்காளியின் வீட்டுக்கும் வந்து சேரும்.

ஹொங் யென் சாங் என்ற சீனர் 1872 இல் சிறுவனாக அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பப்பட்டார். யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றார். கொலம்பியா சட்டக் கல்லூரியில் 1886 இல் பட்டம் பெற்றார். நியூயோர்க் மாநிலம் முதலில் அவரை மறுத்தது. பின்னர் அங்குள்ள சட்டசபை அவர்பொருட்டுச் சட்டம் இயற்ற, 1888 இல் ஏற்றுக்கொண்டது. அதன்பின் அவர் கலிபோர்ணியாவுக்குச் சென்று அங்கும் விண்ணப்பித்தார். 1890 இல் அம்மாநில உயர் நீதிமன்றம் கூறிய விடை யாது? சீனர் அமெரிக்கப் பிரசையாவதை 1882 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. ஆகவே நியூயோர்க்கில் அவர் பெற்ற பிரசாவுரிமைப் பத்திரம் செல்லாது. பிரசையல்லாதவர் சட்டத்தரணியாகவும் முடியாது. அவருடைய கல்வியிலே குறை காணப்படவில்லை. ஒழுக்கத்திலே குறை காணப்படவில்லை. வங்கித் தொழிலிலும் சீன அரசின் தூதரகப் பணியிலும் காலங்கழித்து அவர் 1926 இல் மறைந்தார். 2015 மார்ச் 16 ஆம் திகதி அதே நீதிமன்றம் ஏகமனதாக அவரைச் சட்டத்தரணியாக ஏற்றுக்கொண்டது. 125 ஆண்டுகள் கழித்து வந்த நீதி! கல்லறையைத் தேடிக் கட்சிக்காரர் வருவாரா?

இங்கே கையாளப்பட்ட முறையை நன்றாகக் கவனியுங்கள். முதலாவது சட்டம், இன்ன இனத்தார் பிரசையாக முடியாது என்கிறது. இரண்டாவது சட்டம், எந்த இனத்தின் பெயரையும் சொல்லாமல், பிரசைகளுக்கே தொழில் என்று மட்டும் கூறுகிறது. இரண்டாவதைத் தனியே எடுத்துப் படிப்பவருக்கு அதில் யாதொரு குற்றமும் தோன்றாது. இந்த இலட்சணம் நமக்குப் பழக்கமானதன்றோ? 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பிரசைகளல்லாதோர் ஆக்கிற்று. மறு ஆண்டிலே வந்த தேர்தல் திருத்தச் சட்டம், பிரசைகளுக்கே வாக்கு என்றது. இலட்சக்கணக்கான தொழிலாளர் அதனால் வாக்கிழந்தனர். பாட்டன் காலத்திலிருந்து தேயிலைக் காட்டிலே உழைத்தவர்களை ‘நேற்று வந்தவர்கள்’ என்று சொல்வதற்கு அன்றைய ஆட்சியாளருக்கு நாக்கூசவில்லை. புதியவர் யார், பழையவர் யார் என்ற கணக்கைப் பஞ்சாங்கம் பார்த்து எவரும் எழுதுவதில்லை. அதிகாரம் யார் கையிலோ அவரே எழுதுகிறார்.

சட்டத்தரணி நீதிமன்றத்தின் அலுவலராவார், அந்நியரை எப்படி நம்புவது என்று கேட்பாருளர். இந்த வாதத்தை 1973 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர ஆராய்ந்தது. கிறிபித்ஸ் என்ற ஒல்லாந்துப் பெண்மணி 1965 இல் அங்கு வந்து, அமெரிக்கர் ஒருவரை மணந்து, சட்டம் பயின்று, கனெக்டிகட் மாநிலத்தில் விண்ணப்பித்தவர். பிரசையல்லர் என்பதற்காக மறுக்கப்பட்டார். நீதியரசர் ஒன்பதின்மரில் எழுவர் அவர் பக்கம் தீர்த்தனர். சட்டத்தரணி அரசாங்க உத்தியோகத்தர் அல்லர் என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி. எனக்கு இது முற்றிலும் உடன்பாடு. அரசுக்கு எதிராக எழுந்துநின்று பேசவேண்டியவரிடம் அரசபக்தியைத் தகுதியாகக் கேட்டால், அகப்பட்டவனுக்காக யார் பேசுவது? கனடாவின் உயர் நீதிமன்றமும் 1989 இல், பிரித்தானியரான அன்றூஸ் என்பவரின் வழக்கில், இவ்வாறான பிரசாவுரிமை நிபந்தனையைத் தள்ளிவிட்டது. பிற்காலத்தில் அங்கு குடியேறிய நம்மவர் பிள்ளைகள் சட்டக் கல்லூரிக்குப் போகும்போது, ஓர் ஆங்கிலேயர் திறந்துவைத்த வாயிலால் போகிறார்கள் என்பது வேடிக்கையான உண்மை.

வேற்று நாட்டவருக்கு நமது வழமை விளங்குமா என்ற கேள்வி கமக்காரர் மனத்தில் எழுவது இயல்பே. இதற்கு விடையாக மற்றுமோர் ஒல்லாந்தரைக் காட்டுகிறேன். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று நாம் இன்றும் வாதாடும் தேசவழமையை 1707 இல் எழுத்திலே தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி. யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் வாழ்ந்து அறிந்ததை எழுதினார். எழுதியதைப் பன்னிரண்டு தமிழ் முதலிமார் படித்துப் பார்த்துச் சரியென்று ஒப்பமிட்டனர். 1806 இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தனர். பிறநாட்டான் என்பதற்காக அந்த முதலிமார் ஏட்டை எறிந்துவிடவில்லை, சோதித்தே ஏற்றார்கள். நானும் அதையே கேட்கிறேன். கடினமான பரீட்சை வையுங்கள், மொழியறிவைச் சோதியுங்கள், நன்னடத்தைக்குச் சாட்சி கேளுங்கள். காணிச் சட்டம் தெரியாதவர் உள்ளூரிலே பிறந்தவராயினும் உங்கள் உறுதியைத் தொடவேண்டாம்!

அரசாங்கக் குடியேற்றங்களை எதிர்க்கும் நாம் குடியேறியவருக்காகப் பரிந்து பேசலாமா என்று சிலர் இடித்துக் கேட்கக்கூடும். அரசு தன் பணத்தாலும் படையாலும் ஒரு மாகாணத்தின் வாக்குத் தொகையை மாற்றுவது ஒன்று; தனிமனிதன் ஒருவன் ஊரிழந்து வந்து, பரீட்சை எழுதித் தேறி, தொழில் கேட்பது வேறொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதாலேயே மயக்கம் உண்டாகிறது.

அனுமதியின்றி நுழைந்தவர் நிலை சற்றுச் சிக்கலானது. மெக்சிக்கோவிற் பிறந்த சேர்ஜியோ கார்சியா குழந்தையாகவே கலிபோர்ணியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர். இடையில் தாய்நாடு சென்று 1994 இல் 17 வயதில் மீண்டும் வந்தார். அவருக்காகத் தந்தை செய்த மனு 1995 இல் ஏற்கப்பட்டும், வரிசையில் அவர் முறை நெடுங்காலம் வரவேயில்லை. 2009 இல் சட்டப் பரீட்சையில் தேறினார். மத்திய அரசு எதிர்த்தது. மாநிலம் 2013 இல் சட்டமியற்றி வழிவிட்டது. 2014 ஜனவரி 2 ஆம் திகதி நீதிமன்றம் அவரை ஏற்றது. அவருடைய குடிவரவுப் பிழைக்குக் குடிவரவுச் சட்டத்திலே பரிகாரமுண்டு. அதற்காக அவர் கற்றதை இல்லையென்று ஆக்குவதற்கில்லை.

இனி நமக்கு மிக அண்மையிலுள்ளதைச் சொல்கிறேன். 1983 முதல் தமிழ்நாட்டில் தஞ்சம் புகுந்த நம்மவரின் பிள்ளைகள் அங்கே முகாம்களில் பிறந்து வளர்ந்துள்ளனர். இந்தியாவின் 1961 ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம், 24 ஆம் பிரிவிலே, இந்தியப் பிரசையையே பதிவுசெய்யச் சொல்கிறது. 1987 யூலை 1 ஆம் திகதிக்குப் பின் அங்கு பிறந்தவருக்குத் தாயோ தந்தையோ இந்தியப் பிரசையாயிருந்தாலன்றிப் பிறப்பினால் அவ்வுரிமை இல்லை. 2019 இன் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டாரை மட்டும் பேசியது; இலங்கையைச் சொல்லவில்லை. ஆயினும் 24 ஆம் பிரிவிலே ஒரு விதிவிலக்குண்டு. இந்தியருக்குச் சட்டத்தொழிலில் இடங்கொடுக்கும் நாட்டின் பிரசைக்கு இந்தியாவும் இடங்கொடுக்கலாம். இதைப்பற்றிக் கொழும்பும் டில்லியும் பேசி முடிவு காணவேண்டுமென்று நமது உறுப்பினர்கள் பாராளுமன்றத்திலே பிரேரணை கொண்டுவர வேண்டும்.

அதற்கிடையில் உங்களால் ஆகக்கூடிய காரியம் ஒன்றுண்டு. முகாம்களில் உறவினர் உள்ளவர்கள், பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதியச் சொல்லி இந்தக் கிழமையே எழுதுங்கள். எந்த நாட்டின் பிரசை என்று காட்டப் பத்திரமில்லாதவர் அந்த விதிவிலக்கைக்கூடக் கோர இயலாது. பெற்றோரின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் அநேகமாக இங்கேதான் இருக்கும். தேடி எடுத்துப் பிரதியை அனுப்புங்கள்.