புண் ஆற்றும் கைகளுக்கும் ஒரு தோள்



நம் பிள்ளைகள் செவிலியராகவும் மருத்துவமனைப் பணியாளராகவும் உயர்வது கண்டு மகிழும் வெள்ளி விழா இது. அப்பணியில் அவர்கள் உள்ளத்தில் சுமக்கும் பாரத்தையும் நாம் அறிதல் வேண்டும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். உதவ ஓடி வந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மீண்டும் அக்கொடுமை. 20க்கு மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. இறந்தோரை எண்ணினோம், அவர்களைத் தாங்கிய கைகளை எண்ணினோமா?

தீக்காயத்தின் இயல்பு கொடிது. தோல் முழு ஆழமும் வெந்துவிட்டால் நரம்பும் கெட்டு, அவ்விடத்தில் வலி தெரியாது. பிழைக்க அரியவரும் முதல் சில மணி நேரம் தெளிவாகப் பேசக்கூடும். "அக்கா, நான் வீட்டுக்குப் போய்விடுவேனா?" என்று அவர் வினவினால், விடை அறிந்த செவிலி முகம் மாறாது நிற்க வேண்டும். பிழைப்பவருக்கோ கட்டு மாற்றுந்தோறும் வேதனை. ஆற்றும் கையே நோவும் தர வேண்டியிருக்கிறது. படுக்கையில் கிடப்பவர் அவளுடைய ஊராராகவும் இருக்கலாம்.

கரிந்த உடல்களை எடுத்துச் செல்லும் பிணவறைப் பணியாளரையும் துப்புரவுத் தொழிலாளரையும் எவரும் நலம் கேட்பதில்லை. அவர்களுட் பலர் நம்மவர். "அவர்களுக்குப் பழகியிருக்கும்" என்பர். நம்மவர் நெஞ்சு மட்டும் நோகாது என்று கருதுவதும் தீண்டாமையின் ஒரு முகமே அன்றோ?

உறக்கம் கெடுதல், காரணமின்றிச் சினத்தல், நோயாளியின் துயரம் கண்டும் மனம் மரத்துப் போதல் ஆகியவை அப்பாரத்தின் அடையாளங்கள். இவை கோழைத்தனம் அல்ல. ஓயாத பணி நெருக்கடியால் வரும் உளச் சோர்வை, நோயாக அன்றி, தொழில் சார்ந்த நிலையாகவே உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் வகுத்துரைத்தது. குறை மனிதரிடத்தில் இல்லை. பணியின் அமைப்பில் உள்ளது. ஆதலின் ஓய்வும், பணிச் சுழற்சியும், மனநல ஆலோசனையும் சலுகைகள் அல்ல, உரிமைகள். அவற்றைக் கூடிக் கேட்க வேண்டும்.

இளைஞர்களே! இரவுப் பணி முடித்து வரும் அக்காள் மீது வீட்டு வேலையையும் ஏற்றாதீர். அவள் பேசினால் குறுக்கிடாது கேளுங்கள். பாரம் மிகின் 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி உதவியை நாடச் சொல்லுங்கள். நம் சங்கமும் திங்கள்தோறும் இப்பணியாளர்களை ஒருங்கே அமர்த்தி, மனம் விட்டுப் பேச இடம் தருமாறு வேண்டுகிறேன்.

ஊரார் புண்ணை ஆற்றும் கைகளுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு தோள் வேண்டும். அத்தோளாக நாம் நிற்போம் எனக் கூறி அமைகிறேன்.