புங்கம் களிமண்ணுக்கு, பூவரசு உப்புக்காற்றுக்கு



எங்கள் நாற்றங்காலுக்கு மரக்கன்று வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "சீக்கிரம் வளர்வது எது?" கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேண்டும்" என்பார்கள். பெரும்பாலும் அது கோனோகார்பஸ் மரம். பச்சைச் சுவர் எழுப்பியதுபோல் அடர்ந்து நிற்கும், பார்க்க அழகுதான். ஆனால் அதன் வேர் குழாய்களைக் கெடுக்கிறது, மகரந்தம் மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது என்று குஜராத் அரசு 2023இல் அதை நடத் தடை போட்டது. தமிழ்நாடு 2025இல் தடுத்தது. நம் காரைக்கால் புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தது. நமக்கென்று ஓர் ஆணை வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நம் கொல்லையிலேயே அதைவிட நல்ல மரங்கள் நிற்கின்றன.

அவற்றில் இரண்டைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன். புங்கம் ஒன்று, பூவரசு மற்றொன்று. இரண்டையும் அறியாதவர் காரைக்காலில் இருக்க மாட்டார்கள். அதனால் இலை எப்படி, பூ எப்படி என்று விவரிக்கப் போவதில்லை. எதை எங்கே நடுவது, எப்படி வளர்ப்பது என்பதுதான் பேச்சு. என் மனம் பூவரசின் பக்கம் சாயும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புங்கத்துக்குரிய மரியாதையை முதலில் செய்துவிடுவோம். மாசியில் இலை உதிர்த்து, பங்குனியில் தளிர்த்து, சித்திரை வெயில் ஏறும்போது முழு நிழல் தருகிற மரம் அது. நமக்கு நிழல் எப்போது வேண்டுமோ அப்போது தயாராக நிற்கும். ஆணிவேர் ஆழமாக இறங்கும். அவரைக் குடும்பத்து மரம் என்பதால் வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்க்கும். தழையை வெட்டி வயலில் மிதித்தால் நெல்லுக்கு உரம். விதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் இருக்கும். அந்த எண்ணெய் விளக்குக்கும் ஆகும், பயிரில் பூச்சி விரட்டவும் ஆகும். ஆட்டுவதில் மிஞ்சும் புண்ணாக்கும் உரம்தான். தழை கசப்பதால் ஆடு அதிகம் சீண்டாது. ஆடு மேயும் தெருவில் கூண்டு இல்லாமல் பிழைக்கும் கன்று புங்கங்கன்றுதான். இலையில் விரல்போலப் புடைத்துக்கொண்டு முடிச்சுகள் வரும், பார்த்துப் பயந்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்கிற வேலை அது. மரம் சாகாது.

திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரியின் உட்பகுதிகளில் களிமண்ணும் வாய்க்கால் ஈரமும் உள்ள இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு புங்கத்தை நடலாம். உப்பையும் அது ஓரளவு தாங்கும். ஆனால் காய்ந்த மணலில் அதற்கு உயிர் பிடிப்பு குறைவு. கடலோரத்துப் பட்டினச்சேரியிலும் கிளிஞ்சல்மேட்டிலும் கோடை முழுக்க உப்புக்காற்று வீசும். பங்குனியில் புங்கம் விட்ட இளந்தளிரின் ஓரம் அந்தக் காற்றில் கருகிப்போவதைப் பார்த்திருக்கிறேன். மரம் பிழைத்துக்கொள்ளும், நிழல்தான் சிறுத்துவிடும்.

அங்கேதான் பூவரசு வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: மணலும் உப்புக்காற்றும் உள்ள இடத்தில் பூவரசு.

பூவரசு கடற்கரையிலேயே பிறந்த மரம். அதன் விதை கடல்நீரில் மாதக்கணக்கில் மிதந்துபோய் வேறு கரையில் ஒதுங்கினாலும் முளைக்கும். அப்படித்தான் அது இந்தியப் பெருங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள்வரை பரவி நிற்கிறது. தஹிதித் தீவில் வழிபாட்டு இடங்களில் நட்டுப் புனித மரமாகப் போற்றினார்கள். ஹவாயில் அதன் கட்டையில் சாப்பாட்டுக் கிண்ணம் கடைந்தார்கள். உணவில் அது எந்த வாடையையும் ஏற்றாது. அவ்வளவு தூரத்தில் அத்தனை மதிப்பு. நாமோ அதை வேலிக்காலாக்கி, ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போது மட்டும் நினைத்துக்கொள்கிறோம்.

"பூவரசு கோணல்மாணலாக வளரும், உள்ளே பொந்து விழும், காற்றில் சாயும்" என்கிறார்கள். அதெல்லாம் நாம் நடுகிற முறையால் வருவது. வழக்கமாக என்ன செய்கிறோம்? கை கனத்துக்கு ஒரு கிளையை, அதாவது போத்தை, வெட்டி, மழைக்காலத்தில் ஈர மண்ணில் குத்திவிட்டுப் போய்விடுகிறோம். அதுவும் துளிர்க்கும். ஆனால் போத்திலிருந்து வந்த மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. மண்ணுக்குள் இருக்கும் வெட்டுவாய் அழுகி, அந்த அழுகல் நடுக்கட்டைவரை ஏறும். வெளியே பச்சையாக இருக்கும் மரம் உள்ளே பொந்தாகும்.

எங்கள் பக்கத்து ஆசாரி ஒருவர் பூவரசங்கட்டை வாங்கும்போது உளியின் பிடியால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "போத்து மரமா, விதை மரமா?" என்று கேட்பார். விதை மரம் என்று தெரிந்தால்தான் விலை பேசுவார். வண்டிச் சக்கரமும் கட்டிலும் செய்த கை அவருடையது. கரையான் எளிதில் தொடாத கட்டை, வைரம் பாய்ந்தால் செம்பழுப்பு நிறம் என்று வாய் ஓயாமல் சொல்வார். அவர் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் உங்களையும் கேட்கச் சொல்கிறேன். போத்தா, விதையா? நிழலுக்கு நிற்க வேண்டிய மரம் விதையிலிருந்து வரட்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது யாருக்கும் மறந்திருக்காது. விடிந்ததும் நான் தெருத்தெருவாகப் போய் மரங்களைத்தான் பார்த்தேன். தூங்குமூஞ்சியும் செம்மயிற்கொன்றையும் வேரோடு கிடந்தன. போத்து நட்ட பூவரசுகளும் சில சாய்ந்திருந்தன. விதையிலிருந்து வளர்ந்தவை கிளையை முறித்துக் கொடுத்துவிட்டு அடிமரத்தைக் காப்பாற்றிக்கொண்டு நின்றன. மார்கழி முடிவதற்குள் முறிந்த இடத்தில் துளிர்விட்டன. அன்றிலிருந்து எங்கள் நாற்றங்காலில் நான் போத்து விற்பதில்லை.

வளர்க்கும் முறை எளிது. காய் மரத்திலேயே காய்ந்து கருத்த பிறகு பறியுங்கள். தானாக வெடிக்காது, நசுக்கித்தான் விதை எடுக்க வேண்டும். விதையின் தோல் கெட்டியானது. ஒரு பக்கத்தை மணல்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துப் பையில் ஊன்றுங்கள். தை, மாசியில் போட்டால் ஆவணிக்குள் கன்று தயார். ஆவணி, புரட்டாசியில் நட்டுவிட்டால் ஐப்பசி மழைக்கு முன் வேர் பிடித்துவிடும். தண்ணீர் தேங்கும் இடமானால் மண்ணை மேடாக்கி நடுங்கள். ஆடு பூவரசை விட்டுவைக்காது, அதனால் இரண்டு வருடத்துக்குக் கூண்டு கட்டாயம். அடியிலிருந்தே கிளை விடுகிற மரம் இது. ஒரே தண்டை விட்டு, பக்கக்கிளைகளை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து, ஆள் உயரத்துக்கு மேல் குடை விரியச் செய்யுங்கள். வேலிப் பூவரசுக்கும் தெருப் பூவரசுக்கும் வித்தியாசம் இந்தக் கவாத்தில்தான் இருக்கிறது.

கம்பளிப்பூச்சி வருமே என்பீர்கள். உண்மைதான், மழை ஓய்ந்த நாட்களில் வரும். சின்னக் கூட்டமாக இலையில் இருக்கும்போதே அந்த இலையைப் பறித்து அழித்துவிட்டால் பரவாது. புங்க எண்ணெய்க் கரைசலையும் தெளிக்கலாம். ஒரு மரத்தின் தொல்லைக்கு அடுத்த மரம் மருந்து தருகிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, பூவரசு ஒரேயடியாக இலை உதிர்த்து மொட்டையாக நிற்பதில்லை. வருடம் முழுக்க நிழல், ஆடு மாட்டுக்குத் தழை. பிள்ளையார் சதுர்த்திக்கு எங்கள் வீட்டில் அந்த இலையில் வைத்துத்தான் கொழுக்கட்டை வேகும். பிள்ளைகளுக்குப் பீப்பியும் அதிலேதான்.

ஆக, மண்ணைப் பாருங்கள், காற்றைப் பாருங்கள். களிமண்ணும் ஈரமுமா, புங்கம். மணலும் உப்புக்காற்றுமா, பூவரசு. எதுவானாலும் விதையிலிருந்து வந்த கன்று. பள்ளிக்கூடத் திடலுக்கும் மீனவர் குடியிருப்புத் தெருவுக்கும் கடற்கரைச் சாலைக்கும் இந்த வருடம் கன்று வாங்கப் போகிறவர்கள், விற்பவரிடம் "எவ்வளவு சீக்கிரம் வளரும்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "விதைக் கன்றா, போத்தா?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் போதும், எல்லா நாற்றங்காலிலும் பூவரசு விதைப் பைகள் அடுக்கி நிற்கும்.