சமையலறையில் நாலு பேர்

மரக்காணம் உப்பளத்தில், பாத்தி வரப்பின் மேல் உப்புக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போகிறவரிடம் உடம்பு இளைக்க யோசனை சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். யோசனை தேவைப்படுவது, பக்கத்துச் சாலையில் காரில் உட்கார்ந்தபடி அந்த உப்பை ஊறுகாயாகத் தின்கிற நமக்குத்தான்!

அப்படி ஒரு யோசனை இது: 1948-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் எஸ்தர் மான்ஸ் என்ற பெண்மணி, மூன்று தோழிகளைத் தன் சமையலறையில் கூட்டினார். பிள்ளைத்தாய்ச்சிகள் ஒன்றாகக் கூடிப் பேசித் தைரியம் பெறுவதைப் பார்த்தவர் அவர். எடையைக் குறைக்கவும் அதே வழிதான். வாரம் ஒருமுறை எடை பார்ப்பது, மனம்விட்டுப் பேசுவது. இப்படித் தொடங்கிய, லாப நோக்கில்லாத ‘டாப்ஸ்’ சங்கம் இன்றும் நடக்கிறது.

நம்மூரில் மகளிர் குழுக்களுக்கா பஞ்சம்? தவணை குறிக்கும் நோட்டிலேயே எடையையும் குறிக்கலாம். அடுத்த கூட்டத்துக்கு ஒரு எடை மிஷின் கொண்டுபோங்கள்.