தொழில் அறிந்தவரின் கடமை

சமையற்கலையிலும் உணவக மேலாண்மையிலும் இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

பட்டத்தோடு வெளியே போகும் உங்களிடம் ஊரார் முதலில் கேட்கப்போவது, எங்கே வேலை, எவ்வளவு சம்பளம் என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் உங்கள் தொழிலின் முழு மதிப்பு சம்பளத்தில் தெரிவதில்லை. ஊரே நிலைகுலைந்து கிடக்கும் நாளில்தான் தெரிகிறது. பேரிடருக்குப் பிறகு மக்களுக்குச் சமைத்துப் போட்ட உணவக உரிமையாளர்களை இரக்க குணம் படைத்தவர்கள் என்று பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டு பாதி உண்மையைத்தான் சொல்கிறது. அவர்களிடம் இரக்கமும் இருந்தது, அந்த இரக்கத்தைச் சோறாக்கத் தெரிந்த தொழில்திறனும் இருந்தது. அந்தத் திறன் ஒரு சமூகத்தின் பொதுச்சொத்து. அதை இடர் வருவதற்கு முன்பே அடையாளம் கண்டு ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். இதுவே நான் இன்று உங்கள் முன் வைக்கும் கருத்து.

கரீபியக் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவை எடுத்துக்கொள்வோம். 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி அந்தத் தீவைக் குறுக்காகக் கடந்துபோனது. 30 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் தீவு முழுவதும் இருளில் மூழ்கியது. மின்சாரம் முற்றிலும் திரும்ப ஏறத்தாழ 11 மாதங்கள் ஆயின. தொடக்கத்தில் அரசு சொன்ன உயிரிழப்புக் கணக்கு 64. பின்னர் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வின் அடிப்படையில் அது 2,975 என்று திருத்தப்பட்டது. புயல் ஒரே நாளில் போய்விட்டது. அதன் பிறகு மின்சாரமும் மருந்தும் பராமரிப்பும் கிடைக்காமல் போன மாதங்களில் மரணங்கள் தொடர்ந்தன. பேரிடர் என்பது காற்று ஓய்ந்த பிறகும் நீடிக்கும் ஒன்று என்பதை அந்த எண்களின் வித்தியாசம் காட்டுகிறது.

தலைநகர் சான் ஹுவானின் சாந்துர்சே பகுதியில் ஹோசே என்ரிக்கே என்ற சமையல் வல்லுநர் தம் பெயரிலேயே உணவகம் நடத்திவந்தார். புயலுக்குப் பிறகு அவரது உணவகத்தில் சான்கோச்சோ கொதித்தது. கிழங்கு, சோளம், இறைச்சி எல்லாம் சேர்த்து அண்டாவில் காய்ச்சும், அந்தத் தீவின் வீட்டுக் குழம்பு அது. வாஷிங்டன் நகரில் உணவகங்கள் நடத்தும் ஹோசே ஆந்திரேஸ் புயலுக்குப் பின் சில நாட்களில் அங்கு வந்து அவரோடு சேர்ந்தார். 2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு 'வேர்ல்டு சென்ட்ரல் கிச்சன்' என்ற அமைப்பைத் தொடங்கியவர் அவர். உள்ளூர் சமையல்காரர்களும் உணவு வண்டிக்காரர்களும் கைகோத்தார்கள். ஓர் உணவகத்தில் தொடங்கிய வேலை தீவின் மிகப் பெரிய உள்விளையாட்டரங்குக்கும், பள்ளி, தேவாலயச் சமையற்கூடங்களுக்கும் பரவியது. உச்சத்தில் நாளொன்றுக்கு 1 லட்சத்துக்கும் அதிகமான சாப்பாடு தயாரானது. மொத்தத்தில் 35 லட்சத்தைத் தாண்டியது.

இது எப்படிச் சாத்தியமானது? உணவு வியாபாரிகளின் கிடங்குகளில் சரக்கு இருந்தது. எந்த வியாபாரியிடம் என்ன கிடைக்கும், யார் கடனுக்குத் தருவார், ஒரு மூட்டை அரிசி எத்தனை பேருக்கு வரும், கையிருப்பில் எது முதலில் கெடும் என்பதெல்லாம் உணவகம் நடத்துபவருக்கு அன்றாடக் கணக்கு. அவர்கள் லட்சக்கணக்கில் செய்த ஹாம், சீஸ் சாண்ட்விச்சைப் பாருங்கள். நீண்ட மேசையின் இரு பக்கமும் தன்னார்வலர்கள் நின்று ஒருவர் ரொட்டியை அடுக்க, அடுத்தவர் மயோனைஸ் தடவ, மற்றவர்கள் ஹாமும் சீஸும் வைப்பார்கள். மயோனைஸைத் தாராளமாகத் தடவச் சொன்னார் ஆந்திரேஸ். வெயிலில் மலைக் கிராமத்துக்குப் போய்ச் சேரும் ரொட்டி காய்ந்திருந்தால் தொண்டையில் இறங்காது. சாப்பிடுபவரின் வாய்க்குப் போகும்வரை அந்த உணவைப் பின்தொடர்ந்து யோசிக்கும் பழக்கம் தொழிலால் வருவது.

திறன் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் பேரிடர் நிர்வாக அமைப்பு, அதே தீவுக்கு 3 கோடி சாப்பாடு வழங்க 15.6 கோடி டாலர் மதிப்பில் ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தது. இத்தகைய பணியில் முன் அனுபவமே இல்லாத நிறுவனம் அது. வந்து சேர்ந்தவை 50,000 மட்டுமே. சூடுபடுத்தி உண்ண வேண்டிய பொட்டலங்களோடு சூடாக்கும் பைகள் சேர்த்துக் கட்டப்படவும் இல்லை. ஒப்பந்தம் ரத்தானது. பணத்துக்குப் பஞ்சமில்லை, ஆணைக்கும் பஞ்சமில்லை. தொழில் தெரிந்தவரிடம் வேலையை ஒப்படைக்கவில்லை.

என் கருத்துக்கு எழும் மறுப்புகள் வலுவானவை. முதல் மறுப்பு, மக்களின் பசியைப் போக்குவது அரசின் கடமை, உணவகங்கள் அதைத் தோளில் சுமந்தால் அரசு கைகழுவிவிடும் என்பது. கடமை அரசுடையதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடமையை நிறைவேற்ற அரசுக்கும் அடுப்பு வேண்டும், ஆள் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் அம்மா உணவகங்களில் இலவசமாகச் சாப்பாடு போட முடிந்தது என்றால், அந்த அடுப்புகள் அதற்கு முன்பே தினமும் எரிந்துகொண்டிருந்ததுதான் காரணம். அரசின் பணமும் தொழிலறிந்தவரின் கையும் சேர வேண்டும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்குத் தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு, உணவக உரிமையாளரும் பாதிக்கப்பட்டவர்தானே, அவர் எத்தனை நாள் இலவசமாகச் சமைப்பார் என்பது. உண்மை. கூரை போனவரிடம், கல்லாப்பெட்டி காலியானவரிடம் தியாகத்தை மட்டும் எதிர்பார்ப்பது அநீதி. கொரோனா காலத்தில், 2020இல், 'வேர்ல்டு சென்ட்ரல் கிச்சன்' அமைப்பு அமெரிக்காவில் வேறொரு வழியைக் காட்டியது. வாடிக்கையாளர் இல்லாமல் தவித்த உணவகங்களுக்குப் பணம் கொடுத்து, தேவைப்பட்டவர்களுக்குச் சமைக்கச் செய்தது. பசித்தவருக்குச் சாப்பாடு, சமைத்தவருக்குக் கூலி, கடை மூடாமல் தப்பிப்பு என்று மூன்றும் ஒரே செலவில் நடந்தன. இலவச உணவால் உள்ளூர் வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சத்துக்கும் இதுவே பதில். வெளியூரிலிருந்து பொட்டலம் இறக்குவதால் வியாபாரம் படுக்கலாம். உள்ளூர் அடுப்பை எரியவைத்தால் வியாபாரம் பிழைக்கும்.

மூன்றாவது மறுப்பு, உயிர் பிழைக்கப் பொட்டலமே போதும், சுடுசோறு ஆடம்பரம் என்பது. முதல் ஓரிரு நாட்களுக்குப் பொட்டலம் போதும். பின்னர்? புவேர்ட்டோ ரிக்கோவில் சில இடங்களில் வழங்கப்பட்ட நிவாரணப் பெட்டிகளில் மிட்டாயும் சிப்ஸும் இருந்தன. சர்க்கரை நோயுள்ள ஒரு முதியவர் அதை வைத்து எத்தனை நாள் தாங்குவார்? தெரிந்த உணவு, செரிக்கும் உணவு, நேரத்துக்குக் கிடைக்கும் உணவு என்பது அந்த நாட்களில் மருந்துக்குச் சமம்.

மாணவர்களே, 2023 ஆகஸ்டில் ஹவாயின் மாவி தீவில் காட்டுத்தீ லஹைனா நகரை எரித்தபோது, தங்கள் உணவகத்தையே தீக்குப் பறிகொடுத்தவர்களும் சேர்ந்து சமைத்தார்கள். அவர்கள் சமைத்த இடம் கஹுலுயியில் உள்ள ஹவாய் பல்கலைக்கழக மாவி கல்லூரியின் சமையற்கலைத் துறைக் கூடம். உங்களைப் போன்ற மாணவர்கள் பயிலும் அடுப்படி ஒரு தீவுக்குச் சோறு போட்டது.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் எளியது. வேலைக்குச் சேரும் ஊரில், மின்சாரம் போனால் எத்தனை சிலிண்டரில் எத்தனை பேருக்குச் சமைக்க முடியும் என்று கணக்குப் போட்டு வையுங்கள். சரக்கு தரும் வியாபாரிகளோடு நாணயமாக நடந்துகொள்ளுங்கள். நெருக்கடியில் அந்த நாணயம்தான் கடனாகத் திரும்பி வரும். தெருவில் தனியாக இருக்கும் முதியவர்களைத் தெரிந்து வைத்திருங்கள். வெந்த சோற்றை எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று இங்கே படித்ததை ஒருபோதும் தளர்த்தாதீர்கள். முகாமில் ஒரு பானை கெட்டால் ஊரே மருத்துவமனையில் கிடக்கும். நாளை சொந்தமாக உணவகம் தொடங்கினால், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திடம் போய், எங்கள் அடுப்பில் இத்தனை பேருக்குச் சமைக்க முடியும், செலவை எப்படித் தருவீர்கள் என்று நல்ல காலத்திலேயே பேசி முடியுங்கள். புயல் அடித்த பிறகு பேச நேரமிருக்காது.

நல்ல மனம் படைத்தவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். ஆயிரம் பேருக்கு ஒரே வேளையில் பதமாகச் சமைக்கத் தெரிந்தவர்கள் சிலரே. அந்தச் சிலரில் நீங்கள் இன்று சேர்ந்திருக்கிறீர்கள். அந்தக் கல்வியை உங்கள் குடும்பத்துக்காகவும் ஊருக்காகவும் பயன்படுத்துங்கள்.