அந்தி மணியும் வீட்டுச் செபமும்

(யூபிலி ஆயத்த நாட்களில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலியை முன்னிட்டு நம் ஆலயத்திற்கு வெள்ளையடித்திருக்கிறோம்; கொடிமரத்தைப் புதுப்பித்திருக்கிறோம். இவை நல்ல காரியங்களே. ஆயினும் ஒரு கேள்வியை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். காலை, நண்பகல், அந்தி என மூன்று வேளையும் நம் கோயில் மணி ஒலிக்கிறது. அந்த ஓசை எத்தனை வீடுகளுக்குள் நுழைந்து செபமாக மாறுகிறது? நாம் தரும் விடையே நம் யூபிலிக்கு உரைகல்.

செபம் என்பது ஒரு நண்பரோடு தனித்திருந்து அன்புடன் உரையாடுவதற்கு ஒப்பானது என்று அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் விளக்கினார். நட்பு எப்படி வளர்கிறது? நாள்தோறும் பழகுவதால் அல்லவா? பரீட்சை வந்தால், நோய் வந்தால், கடன் முற்றினால் மட்டும் ஆண்டவருடைய வாசலுக்கு வருகிறோம். அவர் நம்மைத் தள்ளிவிடமாட்டார். ஆனால், நமக்குத்தான் அவரைத் தெரியாமற்போகிறது.

நம் ஆண்டவரைப் பாருங்கள். கப்பர்நாகூமில் அன்று மாலை ஊர் முழுவதும் நோயாளிகளோடு வாசலில் கூடியிருந்தது. அத்தனை உழைப்புக்குப் பின்னும், மறுநாள் இருள் நீங்குமுன்னே எழுந்து தனிமையான இடத்திற்குப் போய் அவர் செபித்தார் என்று மாற்கு எழுதுகிறார். இறைமகனுக்கே அந்த நேரம் வேண்டியிருந்தது என்றால், நமக்கு வேண்டாமா?

“ஞாயிறு பூசை காண்கிறோமே, போதாதா?” எனச் சிலர் கேட்கலாம். திருப்பலியே நம் வாழ்வின் சிகரம். எனினும், திருவழிபாட்டில் பங்குகொள்ளும் கிறிஸ்தவன் தன் அறைக்குள் சென்று தந்தையை நோக்கி மறைவிலும் செபிக்கவேண்டும் என 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நினைவூட்டியது.

நம் தமிழ்நாட்டு விசுவாசம் வீட்டுச் செபத்தில் வேரூன்றியதே. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், தமிழறிந்தவர்களின் துணையோடு சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை முதலியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாய் நடந்து சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டினார். பிள்ளைகள் கற்றதைத் தாய் தந்தையருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் வீடுகளுக்குச் செபிக்கவும் அவர்களையே அனுப்பினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் இவற்றை அவரே விவரிக்கிறார். குருக்கள் அரிதாயிருந்த நாட்களில் விசுவாச விளக்கை அணையாமற் காத்தவை இத்தகைய வீடுகளே.

“சாமி, முழங்காலிட்டால் மனம் எங்கெங்கோ ஓடுகிறதே” என்று பலர் என்னிடம் வருந்துவதுண்டு. கலங்க வேண்டாம். சில ஆண்டுகள் செப நேரம் எப்போது முடியுமென்று கடிகார ஓசைக்கே காத்திருந்ததாகத் தெரேசம்மாளே எழுதியிருக்கிறார். தம்மை வற்புறுத்திச் செபித்த பிறகு அதிக அமைதி கிடைத்தது என்றும் சொல்கிறார். அவரைத்தான் 1970-ல் திருச்சபை மறைவல்லுநராக அறிவித்தது! “அடுப்படி வேலைக்கே நேரம் போதவில்லை” என்னும் தாய்மாருக்கு, 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்துச் சமையற்கட்டில் பானைகளுக்கு நடுவே இறைப்பிரசன்னத்தில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸ் துணை நிற்பார்.

நாம் செய்யக்கூடியவை நான்கு:

முதலாவது, விழித்தவுடன், கைபேசியைத் தொடுமுன், சிலுவை அடையாளமிட்டு அந்நாளை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள்.

இரண்டாவது, அன்றைய நற்செய்தியை வாசித்து, அதில் ஒரு வார்த்தையையாவது வயலுக்கும் பட்டறைக்கும் அலுவலகத்திற்கும் எடுத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, அந்தியில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் குடும்பமாக ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்லுங்கள். இயலாத நாளில் பத்து மணியாவது சொல்லுங்கள். குடும்பச் செபமாலையைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-ல் வெகுவாகப் பரிந்துரைத்தார்.

நான்காவது, படுக்குமுன் ஆத்தும சோதனை செய்து மனஸ்தாபப்படுங்கள். “எங்கள் பிதாவே” என்று சொன்ன நாவு, வரப்புத் தகராறுக்காகக் கூடப்பிறந்த அண்ணனோடு பேச மறுக்குமானால், அந்தச் செபம் இன்னும் முடியவில்லை. எழுந்துபோய்ச் சமாதானம் செய்தால்தான் அது முடியும்.

பெற்றோரே, நாளை உங்கள் பிள்ளைகள் வேலை தேடிச் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போவார்கள். சம்பளம் தாமதமாகும், காய்ச்சலில் தனியே படுத்திருக்க நேரிடும். அங்கே நம் கோயில் மணி கேட்காது. பங்குச் சாமியாரும் வரமாட்டார். தாயின் மடியில் அமர்ந்து சொன்ன செபமே அந்த அறையில் துணையிருக்கும். அதை இன்று நாம் கொடுக்காவிட்டால், அவர்கள் எதைக் கொண்டுபோவார்கள்?

ஆகவே, யூபிலிக் காணிக்கையாக உங்களிடம் நான் கேட்பது பணமன்று. ஒவ்வொரு குடும்பமும் நாளொன்றுக்குக் கால் மணி நேரத்தை ஆண்டவருக்குத் தாருங்கள். இன்று மாலை மணி அடிக்கும்போதே தொடங்குங்கள். நம் பாதுகாவலியாம் தேவதாய் நமக்காக மன்றாடுவாராக! எல்லாம் வல்ல இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக! ஆமென்.