கேரூக்ஸ்: சொல்லும் பறையும்



கிரேக்க மொழியில் ‘கேரூக்ஸ்’ என்பவன் கையில் கோலேந்தி மன்னன் சொல்லை மன்றில் உரைப்பவன். அகமெம்னோனுக்குத் தல்தீபியோஸ் என்னும் கேரூக்ஸ் இருந்ததாக ஹோமர் பாடுகிறார். உரைக்கும் சொல் அவனுடையதன்று, விடுத்தவனுடையது. ஆகவே அவன்மேல் கை வைப்பது தெய்வக் குற்றம். கி.மு. 491 அளவில் பாரசீக மன்னன் தாரியஸின் தூதரைக் கிணற்றில் தள்ளிக் கொன்றனர் ஸ்பார்ட்டா நகரத்தார். பின்னர்த் தல்தீபியோஸின் சினத்துக்கு அஞ்சி, ஈடாகத் தம்மவர் இருவரைப் பாரசீகத்துக்குச் சாக அனுப்பினர் என்கிறார் ஹெரடோட்டஸ். செர்க்செஸ் மன்னன் அவ்விருவரையும் கொல்லாது விடுத்தான்.

புதிய ஏற்பாட்டில் இப்பெயர் மும்முறையே வருகிறது. இதன் வினைச்சொல்லோ ஏறத்தாழ அறுபது முறை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர் இதனைப் ‘பிரசங்கித்தல்’ என்றனர். பிரசங்கி பொருளை விரித்துரைப்பவன். நாவன்மை அவன் முதல். கேரூக்ஸுக்கு அது வேண்டுவதில்லை. கூட்டாமல் குறைக்காமல் உரத்துச் சொன்னாற் போதும். போதாக்குறைக்கு, பழைய ஏற்பாட்டு நூலொன்றுக்கும் ‘பிரசங்கி’ என்றே பெயர். அந்நூலின் எபிரேயப் பெயரான ‘கோகெலெத்’ முற்றிலும் வேறு சொல்.

தமிழில் கேரூக்ஸுக்கு நிகரானவர் இல்லாமலில்லை. தெருக்கூத்தின் கட்டியங்காரன் அரசன் வரவை அறிவிப்பான்; ஆனால் அடுத்த நொடியே அவ்வரசனை எள்ளி நகையாடுவான். கேரூக்ஸ் வேலைக்கு அவன் ஆகான்! மணிமேகலையில் யானைப் பிடரியில் முரசேற்றி இந்திர விழாவைப் புகாருக்கு அறிவிப்பவனே நெருங்கிய உறவினன். புதுவையிலும் ஆளுநர் ஆணைகள் தமுக்கடித்து அறிவிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் காணலாம்.

1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அக்கிரேக்க வினைக்குப் பல இடங்களில் ‘பறைசாற்று’ என்ற சொல்லை ஆண்டது. பொருத்தமான சொல், துணிவான சொல்லுங்கூட. கிரேக்க நாட்டில் சேதி சொல்பவன் தீண்டத்தகாதவன் என்றால், அவனைத் துன்புறுத்தலாகாது என்று பொருள். தமிழ்நாட்டில் பறையறைந்து சேதி சொன்னவனையும் தீண்டத்தகாதவன் என்றனர். அதன் பொருளை இங்கு விளக்க வேண்டியதில்லை.

புதுவைச் சம்பா கோவிலினுள்ளேயே பறையர் கிறித்தவரை ஏனையோரினின்று பிரிக்க ஒரு சுவர் இருந்தது. 1745-இல் அவர்கள் திரண்டு சென்று குருவிடம் முறையிட்டனர். அவர் சுவரை இடித்தார். சாதிக் கிறித்தவர் எதிர்த்துப் பூசலிட்டனர். கிறித்தவரல்லாத ஆனந்தரங்கர் இதனையும் எழுதிவைத்தார். அக்கோவில் 1761-இல் ஆங்கிலேயரால் அழிந்தது. இன்றுள்ளது 1791-இல் எழுந்தது. அங்கு இப்போது வாசிக்கப்படும் மாற்கு நற்செய்தியில் இயேசு பறைசாற்றிக்கொண்டே கலிலேயாவுக்குள் வருகிறார்.